நாலு கோடு நோட்டு: வலது பக்கம்

"டீச்சர், குடுக்குறதுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்க. வாங்குறதுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்க. வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்காம இருக்கவுகளுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை?"

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில், மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து நின்று சுந்தரவல்லி இப்படிக் கேட்டபோது வகுப்பே சிரித்தது. கரும்பலகையில் 'லெண்ட்', 'பாரோ' என்று எழுதிவிட்டு, இரவல் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை முக்கால் மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்த ஜெயக்கொடி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீசைக் கையில் உருட்டியபடி யோசித்தார்.

"எனக்குத் தெரியலையேம்மா. நீயும் உன் பக்கத்துல உக்காந்திருக்க ஃபாயிஸாவும் கண்டுபிடிச்சு வந்து எனக்குச் சொல்லுங்க."

அன்றைக்குச் சாயங்காலம்தான் முனிச்சாலை முக்குக் கடையில், இரண்டு பேருடைய மிட்டாய்க் காசையும் சேர்த்துப் போட்டு, அந்த நாலு கோடு நோட்டை வாங்கினார்கள்.

அந்த நோட்டுத்தான் போன வாரம் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியின் அடியில், பழைய துப்பட்டா ஒன்றுக்குள் சுற்றிக் கிடந்தது. எப்போதோ எடைக்குப் போயிருக்கும் என்று இருபத்தைந்து வருடங்களாகத் தன்னைத்தானே நம்ப வைத்திருந்த ஃபாயிஸா, அதைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அறையிலிருந்து மகள் ஹுமா, "என்னம்மா, பல்லியா?" என்று கேட்டதற்கு, "ஆமா, பல்லிதான்" என்று சொல்லிவைத்தாள்.

ஃபாயிஸாவுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடங்களாக ஆங்கில ஆசிரியை. ஒன்றுபோலத் தோன்றிக் காலை வாரிவிடும் ஆங்கில வார்த்தைகளைப் பிள்ளைகள் மறக்காதபடி சொல்லிக் கொடுப்பதில் அவளுக்கு நல்ல பெயர். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால், "சின்ன வயசுல" என்று பேச்சை முடித்துக்கொள்வாள்.

அந்த நோட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. குழப்பும் ஜோடியில் ஒரு வார்த்தை இடது பக்கத்துக்கு, மற்றது வலது பக்கத்துக்கு. இடது பக்கம் ஃபாயிஸாவுடையது, வலது பக்கம் சுந்தரவல்லியுடையது. அவரவர் வார்த்தைக்கு அவரவர் வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒரு நாள் நோட்டு இவள் வீட்டில், மறுநாள் அவள் வீட்டில். சாயங்காலம் ஆறு மணிக்கு அடிகுழாய்க்குப் பக்கத்தில் கைமாறும். ஃபாயிஸா வீட்டில் தமிழ், சுந்தரவல்லி வீட்டில் சௌராஷ்டிரம். இரண்டு வீட்டிலும் இல்லாத ஆங்கிலம், இந்த நோட்டுக்குள் மட்டும் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், தன் கல்லூரித் தோழி காவ்யஸ்ரீயின் அம்மா பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வைத் தனியாக எழுதப் போகிறார், தான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று ஹுமா வந்து நின்றாள். அம்மாவின் பெயர் சுந்தரவல்லி என்றதும் ஃபாயிஸா ஊர், தெரு எல்லாம் விசாரித்தாள். பழைய தோழிகள் இருவரும் போனில் பேசினார்கள். சிரித்தார்கள். "நீங்களே வந்து சொல்லிக் குடுங்கம்மா" என்று ஹுமா கேட்டபோதெல்லாம் மட்டும் ஃபாயிஸாவுக்கு நேரமே கிடைக்கவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளை மறுநாள் தேர்வு. காலை பத்து மணிக்கு வாசலில் மணி அடித்தது.

சுந்தரவல்லிதான் நின்றாள்.

முன்னந்தலையில் நரை. முழங்காலுக்கு மேல் ஒரு கையை ஊன்றித்தான் படி ஏறினாள். மற்றபடி அதே அகன்ற சிரிப்பு. கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளி.

"என்னடி பாக்குற? உள்ள வரச் சொல்ல மாட்டியா?"

"வா, வா. உக்காரு." ஃபாயிஸா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இது யாருதுன்னு தெரியுதா?" என்று வாளியைத் திருப்பிக் காட்டினாள். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்: அஜ்மல் பீவி. ஃபாயிஸாவின் அம்மா. போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

"நீ பத்தாவது பாஸான அன்னைக்கு உங்கம்மா இதுலதான் பாயாசம் குடுத்து விட்டாங்க. அந்த மாசமே நாங்க வீடு மாறித் திருநகர் போயிட்டோம். கழுவிக் கவுத்தி வச்சது, அப்படியே இருந்துபோச்சு. இம்புட்டு வருசம் கழிச்சுக் குடுக்குறோமே, வெறுமனே குடுக்கலாமா? அதான் புளியோதரை கிண்டிட்டு வந்தேன்."

ஹுமா ஓடி வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஆன்ட்டி, இதுக்காகவே நீங்க இன்னும் நாலு பாத்திரம் கடன் வாங்கணும்."

"போடி. இதைத் திருப்பவே எனக்குக் கால் நூற்றாண்டு ஆச்சு."

உள் அறையிலிருந்து ஃபாயிஸாவின் கணவர் சேக் இஸ்மாயிலும் வந்து வணக்கம் சொன்னார். காளவாசலில் பை, குடை விற்கிற கடை அவருடையது. குடை ரிப்பேரும் உண்டு. "வாங்கம்மா. உங்களைப் பத்தி இவ சொல்லாத நாளில்ல" என்றார். அது உண்மையில்லை. ஃபாயிஸா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் விருந்தாளியிடம் அவர் அப்படித்தான் பேசுவார்.

தட்டுகளில் புளியோதரை வந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் சுந்தரவல்லி பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து ஹுமாவிடம் நீட்டினாள்.

"இந்தா கண்ணு, நீ குடுத்த பேப்பர். பத்திரமா வச்சிருந்தேன்."

"எனக்கெதுக்கு? செவ்வாக்கிழமை காலையில ஒரு தடவை பாத்துட்டுப் போங்க ஆன்ட்டி."

"நான் போகல."

ஹுமா நிமிர்ந்தாள். "என்ன போகல?"

"பரிச்சைக்கு. ஹால் டிக்கெட்டைச் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சுட்டேன். அது அங்கயே இருக்கட்டும்."

சுந்தரவல்லி சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

"கோவிச்சுக்காத தாயி. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. மண்டையில இருந்தாத்தான ஏறும்? நூறு ஜோடி வார்த்தையும் நூறு ரெட்டைப் பிள்ளைக மாதிரி இருக்கு. ஒண்ணைக் கூப்பிட்டா இன்னொண்ணு வந்து நிக்குது. அன்னைக்கு நாலு மார்க்குல போச்சு. அப்புறம் ரெண்டு தடவை எழுதுனேன், அதுவும் போச்சு. இந்த வயசுல நாலாவது தடவையும் பெயிலுன்னா காவ்யா என்ன நெனப்பா? அவ மாமியார் வீட்டுக்குப் போறப்ப இதுவும் கூடப் போகணுமா?"

"அப்ப அந்த ரெக்கார்டு ரூம் வேலை?" என்று ஹுமா கேட்டாள்.

ஃபாயிஸாவுக்கு அந்தக் கதை தெரியும். ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருடமாக வார்டு ஆயாவாக நிற்கிறாள் சுந்தரவல்லி. நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள். எட்டு மணி நேரம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன என்று அங்குள்ள டாக்டரே சொல்லிவிட்டார். நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி எடுத்துக் கொடுக்கும் அறையில், உட்கார்ந்து பார்க்கிற இடம் ஒன்று காலியாகிறது. பத்தாம் வகுப்பு தேறிய சான்றிதழ் இருந்தால் அது அவளுக்குத்தான் என்று மேற்பார்வையாளரம்மா சொல்லியிருக்கிறார்.

"வேற யாராச்சும் உக்காரட்டும். எனக்கு நின்னு பழகிருச்சு." சுந்தரவல்லி தட்டிலிருந்த கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டாள். பிறகு ஃபாயிஸாவைப் பார்த்தாள். "உனக்கு ஞாபகமிருக்கா, நம்ம நோட்டு? அதுல நானும் ஏதோ எழுதுனேன். என்ன எழுதுனேன்னு ஒரு வரி ஞாபகமில்ல. நீதான் எல்லாம் எழுதியிருப்ப. நான் பக்கத்துல உக்காந்து மிட்டாய் தின்னுருப்பேன்."

ஃபாயிஸா தண்ணீர் எடுத்து வரப் போகிறவள்போல எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அந்த ஏப்ரல் மாதச் சாயங்காலம் அவளுக்கு வரி வரியாக ஞாபகமிருந்தது. மறுநாள் ஆங்கிலம் இரண்டாம் தாள். அன்றைக்கு நோட்டு சுந்தரவல்லியின் முறை. ஆறு மணிக்குப் போக வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். ஆறே கால். ஆறரை. திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. அம்மா வீட்டில் இல்லை. ஏழு மணிக்கு வாசலில் சுந்தரவல்லியின் குரல் கேட்டது. "ஃபாயிஸா." கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. "ஃபாயிஸா."

ஜன்னல் கதவுக்குப் பின்னால், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றிருந்தாள் ஃபாயிஸா. திருப்பிக் கொடுத்துவிட்டால் தனக்கு மறந்துபோகும் என்ற பயம். அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பயம்.

மறுநாள் காலையில், பள்ளிக்கூட வாசலில், "நேத்து நோட்டை எடுத்துக்கிட்டு வந்தேன்டி. வழியில மழைத் தண்ணியில விழுந்து ஊறிப்போச்சு" என்று சொன்னாள்.

சுந்தரவல்லி அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "நோட்டுப் போகுது. நீ நனைஞ்சியா? காய்ச்சல் எதுவும் இல்லையே?"

திட்டியிருந்தால்கூட மறந்து போயிருக்கும். நெற்றியில் வைத்த அந்தக் கையை அவளால் மறக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சுந்தரவல்லி கிளம்பினாள். மத்தியான ஷிப்ட். இரவு எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். கணவர் லட்சுமிநாராயணனும் காவ்யாவும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறார்கள், வர ஏழு மணியாகும் என்றாள். படியிறங்கும்போது திரும்பி, "போயிட்டு வாரேன்டி" என்றாள். ஃபாயிஸா தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவைச் சாத்தியதும் ஹுமா ஆரம்பித்தாள். "எப்படிம்மா இப்படி விட்டீங்க? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க. நீங்கதான அவங்களுக்கு அம்புட்டு ஒசத்தி. உங்களைப் பத்திப் பேசுனாலே அவங்க முகம் மாறுது. 'உங்கம்மா மாதிரி வராதுடி'ன்னு அம்பது தடவை சொல்லிட்டாங்க."

"அப்படியா சொன்னா?"

"ஆமா. நானும் அதையே நெனச்சுத்தான் பெருமையாத் திரியுறேன்."

ஃபாயிஸா லுஹர் தொழுதாள். தொழுது முடித்த பிறகும் விரிப்பை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்த சேக் இஸ்மாயில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கறுப்புக் குடை ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வளைந்த மரக் கைப்பிடி. ரிப்பேருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. முத்துக்கருப்பன் என்று பெயர் எழுதிய சீட்டு இன்னும் அதில் தொங்கியது.

"இதை இன்னுமா வச்சிருக்கீங்க? அவரு எங்க வரப்போறாரு?" என்றாள் ஃபாயிஸா, வேறு எதையோ நினைத்துக்கொண்டு.

"வருவாரு. வரலைன்னாலும் அது அவரு குடைதான. கடையில பூச்சி அரிக்குதுன்னுதான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். அடுத்தவுக நம்பி விட்டுட்டுப் போன அமானிதம்னா அதுக்குக் கெடு கெடையாது ஃபாயிஸா. நம்ம கையில இருக்குற வரைக்கும் காப்பாத்தணும். ஆளு தெரிஞ்சா அன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துறணும்." கடைப் பேச்சுப்போலச் சொல்லிவிட்டு, அவர் கம்பிகளுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார்.

ஃபாயிஸா அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். துப்பட்டாவைப் பிரித்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் வாரத்திலேயே எழுதியது. இடது பக்கத்தில் 'ஹியர்'. கீழே அவளுடைய குண்டு எழுத்தில்: 'பக்கத்து வீட்டுச் சண்டை எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது.' சரியான வாக்கியம். அவ்வளவுதான். வலது பக்கத்தில் 'லிசன்'. சுந்தரவல்லியின் சாய்ந்த எழுத்து: 'பக்கத்து வீட்டுச் சண்டையை என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறாள்.'

ஃபாயிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினான்கு வருடமாக வகுப்பில் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு பிள்ளைகூட அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையையும் குழப்பிக்கொண்டதில்லை.

இன்னொரு ஜோடி. இடதில் 'சீ': 'எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கோபுரம் தெரிகிறது.' வலதில் 'லுக்': 'பரீட்சை நாளில் மட்டும் நான் அதை நிமிர்ந்து பார்க்கிறேன்.'

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இடது பக்கங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வலது பக்கங்களில் உயிர் இருந்தது. மண்டையில் ஒன்றுமில்லை என்கிறாளே, அவள் எழுதியது. ஊர் முழுக்க ஃபாயிஸா மிஸ் என்று பேர் வாங்கித் தந்ததும் அதுதான்.

'பரணில் இருந்தது, இப்பத்தான் கிடைச்சது' என்று போனில் சொல்லிவிட்டால் போதும். பொய்யும் இல்லை. பரணில்தானே கிடைத்தது. ஹுமாவுக்கும் தெரிய வேண்டாம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நனைந்த நோட்டு எப்படிக் காய்ந்தது என்று சுந்தரவல்லி கேட்கவும் மாட்டாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

அவள் கேட்க மாட்டாள் என்பதே ஃபாயிஸாவுக்குத் தாங்கவில்லை. அந்த நாலு மார்க் தன்னுடைய மந்தத்தால் போனது என்றுதானே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்? நோட்டை மட்டும் கொடுத்து அந்த நினைப்பைத் திருப்பி வாங்காமல் விட்டால், கொடுத்ததாக ஆகுமா?

கடைசியாக எழுதிய ஜோடிக்கு அப்புறம் ஒரு இடது பக்கம் காலியாக இருந்தது. ஃபாயிஸா பேனாவைத் திறந்தாள். தலைப்பில் வார்த்தை எழுத வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே தமிழில் எழுதினாள்.

'சுந்து, நோட்டு மழையில் நனையவில்லை. நீ வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் உள்ளேதான் இருந்தேன். அந்த நாலு மார்க்கைத் தொலைத்தது நீ இல்லை, நான். வலது பக்கங்களை எல்லாம் ஒரு தடவை படி. இதை எழுதியவளுக்கா இங்கிலீஷ் வராது? ஜெயக்கொடி டீச்சரிடம் நீ கேட்டாயே, அந்த வார்த்தை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எதிர்ப் பக்கம் உன்னுடையது.'

மை காயும் வரை காத்திருந்தாள்.

சமையலறையில் தூக்குவாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஈரம் போகத் துடைத்தாள். நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, லேசாக வளைத்து உள்ளே வைத்தாள். வெறும் நோட்டாகக் கொடுக்க மனம் வரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத நீலப் பேனா ஒன்றை எடுத்து அதோடு சேர்த்து வைத்து மூடினாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஹுமா பார்த்துவிட்டாள். "எங்கம்மா, வாளியோட?"

"திருநகர் வரைக்கும். திருப்பிக் குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

"அது நம்ம வாளிதான? அவங்களே இப்பத்தான் கொண்டாந்து குடுத்தாங்க."

"வந்து சொல்றேன்" என்றாள் ஃபாயிஸா. சொல்லிய பிறகுதான், உண்மையிலேயே சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஹுமாவின் பெருமை இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். ஆனாலும் படியிறங்கினாள்.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பழங்காநத்தம் தாண்டி, திருப்பரங்குன்றத்து மலை வெயிலில் வந்து போனது. மடியிலிருந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கொழம்பா? சிந்திராம பாத்துக்கத்தா" என்றாள். "இல்லக்கா, சிந்தாது" என்றாள் ஃபாயிஸா.

மூன்றாவது தெருவில் பச்சைக் கதவு என்று ஹுமா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயிலில் தெருவே கண் அயர்ந்திருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் ஒரு பூனைகூட இல்லை. கதவுக் கம்பியின் உள்பக்கம், பால் பாக்கெட் போடுவதற்காக ஒரு பெரிய மஞ்சள் துணிப்பை கட்டியிருந்தது. வேலை முடிந்து வருகிறவள் முதலில் கையை விடுகிற இடம் அதுதான் என்று எந்த வீட்டுக்காரிக்கும் தெரியும். கணவரும் மகளும் முன்னால் வந்து எடுத்தாலும், அஜ்மல் பீவி என்ற பெயரைப் பார்த்தால் யாருக்குச் சேர வேண்டியது என்று தெரிந்துவிடும்.

"பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்தபடி, கம்பிக்கு மேலாகக் கையை விட்டு, வாளியைப் பைக்குள் இறக்கினாள். கைப்பிடியை விட ஒரு கணம் ஆயிற்று. பிறகு விட்டாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை என்று தெரிந்தும், தெருவில் நின்றபடி மெல்லக் கூப்பிட்டாள்.

"சுந்து."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

"சுந்து."

பதில் வர வேண்டும் என்று கூப்பிடவில்லை. பை இரண்டு தடவை ஆடி நின்றது. ஃபாயிஸா வெறும் கையோடு திரும்பி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.